ரிசர்வேஷன் எல்லையில் மாநில உரிமம் நின்றுவிடும்: துப்பாக்கி வகுப்பு எடுப்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பயிற்றுநர்களுக்கு,

வணக்கம். அரிசோனாவிலும் நியூ மெக்சிகோவிலும் யூட்டாவிலும் ‘கன்சீல்டு கேரி’ (துப்பாக்கியை மறைத்து ஏந்தும்) உரிமத்துக்கு வகுப்பு எடுப்பவர்கள் நீங்கள். பிடியும் குறியும் சொல்லித் தருகிறீர்கள். தற்காப்புக்காக எப்போது சுடலாம், எப்போது கூடாது என்ற சட்டத்தை விளக்குகிறீர்கள். கடைசியில் ஒரு வரைபடத்தைத் திரையில் போட்டு, எந்த மாநிலம் எந்த மாநிலத்தின் உரிமத்தை ஏற்கிறது என்று காட்டுகிறீர்கள். எங்கள் குறை அந்த வரைபடத்தின் மேல்தான். அதில் அரிசோனா முழுக்க ஒரே நிறம். ஆனால் அந்த மாநிலத்தின் நிலத்தில் கால் பங்குக்கு மேல் ரிசர்வேஷன், அதாவது பழங்குடி அரசுகள் தாமே ஆளும் ஒதுக்கப்பட்ட நிலம். கூட்டரசு அங்கீகரித்த பழங்குடி அரசுகள் அங்கே மட்டும் 22. வரைபடத்தை நம்பி இடுப்பில் ஹோல்ஸ்டரோடு கிளம்புகிறவருக்கு இது தெரிவதில்லை.

நாங்கள் கேட்பது அரை மணி நேரம். மாநில உரிமம் ரிசர்வேஷன் எல்லையோடு நின்றுவிடும் என்பதை அந்த அரை மணியில் சொல்லுங்கள். எல்லைக்கு முன்பே துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துப் பூட்டி வைப்பதை மாணவர்கள் தம் கையால் ஒருமுறை செய்து பார்க்கட்டும். என்னென்ன சொல்ல வேண்டும் என்று நாங்கள் நினைப்பதைக் கீழே எழுதியிருக்கிறோம்.

சாலையிலிருந்து தொடங்குவதுதான் சரி. ரிசர்வேஷன் என்றால் எங்கோ ஒதுக்குப்புறம் என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். ஃபீனிக்ஸிலிருந்து டூசானுக்குப் போகும் ஐ-10 நெடுஞ்சாலை கிலா ரிவர் பழங்குடிச் சமூகத்தின் நிலத்தைக் கடக்கிறது. ஸ்காட்ஸ்டேல் ஓரமாகப் போகும் லூப் 101 சால்ட் ரிவர் பிமா-மாரிகோபா சமூகத்தின் நிலத்துக்குள் போகிறது. தினமும் வேலைக்குப் போகிறவர்களே அந்த எல்லையைத் தாண்டிப் போய் வருகிறார்கள். ஆல்புகர்க்கியிலிருந்து மேற்கே ஐ-40 லகூனா, அகோமா பியூப்லோக்களை (பியூப்லோ என்பதும் ஒரு பழங்குடி அரசுதான்) கடக்கிறது. வடக்கே சாண்டா ஃபே போகும் ஐ-25 சாண்டியா, சான் ஃபெலிப்பே, சாண்டோ டொமிங்கோ பியூப்லோக்கள் வழியே செல்கிறது. மான்யுமென்ட் வேலி, ஆன்டிலோப் கேன்யன் என்று சுற்றுலாப் பட்டியலில் இருக்கிற இடமெல்லாம் நவாஹோ பழங்குடி அரசான நவாஹோ நேஷனுக்குள். மூன்று மாநிலங்களில் 27,000 சதுர மைலுக்கு விரிந்த நிலம் அது.

எல்லையில் சுங்கச்சாவடி இல்லை. பெரும்பாலும் ஒரு பலகை மட்டும்தான். எழுபது மைல் வேகத்தில் அது கண்ணில் படாமலே போய்விடும். ஒன்றை மட்டும் எல்லாரும் கவனிப்பார்கள்: கோடையில் நவாஹோ நிலத்தில் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், அரிசோனாவின் பிற பகுதிகளில் போகாது. நவாஹோ நிலம் நாற்புறமும் சூழ்ந்திருக்கும் ஹோப்பி நிலத்திலும் போகாது. டூபா சிட்டியிலிருந்து 264-ஆம் சாலையில் கிழக்கே விண்டோ ராக் போகிறவர் நவாஹோ, ஹோப்பி, மறுபடி நவாஹோ என்று அரசு மாறி மாறிப் பயணிக்கிறார். நேரத்தையே தனியாக முடிவு செய்யும் அரசுகள் துப்பாக்கிக்கும் தனிச் சட்டம் வைத்திருக்கும் என்று அங்கே சொன்னால் மாணவருக்கு உடனே பிடிபடும்.

“ஆயுதம் ஏந்தும் உரிமையைத் தரும் இரண்டாம் திருத்தம் இருக்கிறதே” என்று வகுப்பில் ஒருவராவது கேட்பார். அதற்கு நேரான பதில் உங்களிடம் இருக்க வேண்டும். பழங்குடி அரசுகளின் அதிகாரம் அமெரிக்க அரசியல் சட்டத்திலிருந்து பிறந்ததல்ல, அதற்கு முன்பே இருந்தது. ஆகவே உரிமை மசோதா (அரசியல் சட்டத்தின் முதல் பத்துத் திருத்தங்கள்) அவற்றை நேரடியாகக் கட்டுப்படுத்தாது என்று 1896-லேயே டால்டன் எதிர் மேயஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1968-இல் காங்கிரஸ் கொண்டுவந்த பழங்குடியினர் குடிமை உரிமைகள் சட்டம் பேச்சுரிமை, அநியாயச் சோதனைக்கு எதிரான பாதுகாப்பு போன்ற பலவற்றைப் பழங்குடி அரசுகள் மீதும் விதித்தது. ஆயுதம் ஏந்தும் உரிமை அந்தப் பட்டியலில் இல்லை. இரண்டாம் திருத்தத்தைக் காட்டி மாநிலங்களின் துப்பாக்கிச் சட்டங்களை அடக்கிய 2010, 2022-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இந்த நிலத்துக்குள் அப்படியே நுழைவதில்லை.

நியூ மெக்சிகோவில் வகுப்பு எடுப்பவர்களுக்கு இந்த வாதமெல்லாம்கூடத் தேவையில்லை. அந்த மாநிலத்தின் துப்பாக்கி உரிமச் சட்டமே இதைச் சொல்கிறது: பழங்குடி நிலத்தில், அந்த நேஷனோ பியூப்லோவோ அனுமதித்தாலொழிய, மாநில உரிமம் செல்லாது. உங்கள் சட்டத்தின் வரியையே நீங்கள் வாசித்துக் காட்டினால் போதும்.

எல்லாப் பழங்குடி அரசுகளும் ஒரே மாதிரி என்று சொல்லிவிடாதீர்கள். அதுதான் அடுத்த பெரிய பிழை. சில அரசுகள் மாநில உரிமத்தை ஏற்கின்றன, சில தமது சொந்த அனுமதியைக் கேட்கின்றன, சில வெளியாளின் கையில் துப்பாக்கியே கூடாது என்கின்றன. நவாஹோ சட்டத் தொகுப்பின் 17-ஆம் தலைப்பு, தோட்டா நிரப்பிய துப்பாக்கியை ஏந்துவதைப் பொதுவாகக் குற்றமாக்கிவிட்டு, வீடு, வேட்டை, மரபுச் சடங்கு என்று சில விலக்குகளைத் தருகிறது. தற்காப்புக்காகத் தனியார் வாகனத்துக்குள் வைத்திருப்பதும் அந்த விலக்குகளில் ஒன்று. இதைப் படித்துவிட்டு “அப்படியானால் கவலையில்லை” என்று மாணவர் மூச்சு விடுவார். அந்த விலக்கு வாகனத்தோடு ஒட்டியது. நவாஹோ நிலத்து ஊரான கேயென்டாவில் பெட்ரோல் போட இறங்கி, சட்டைக்கு அடியில் ஹோல்ஸ்டரோடு கடைக்குள் நடந்தால் விலக்கு வண்டியிலேயே தங்கிவிடும். நவாஹோ அரசு நடத்தும் பூங்காக்களில் துப்பாக்கிக்குத் தடை; மான்யுமென்ட் வேலியின் வளைவுச் சாலையில் வண்டி ஓட்டுவது பூங்காவுக்குள் ஓட்டுவதுதான்.

கிராண்ட் கேன்யனில் குழப்பம் இன்னும் அதிகம். தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று 2010 பிப்ரவரியிலிருந்து கூட்டரசுச் சட்டம் சொல்கிறது (பார்வையாளர் மையம் போன்ற கூட்டரசுக் கட்டடங்களுக்குள் அப்போதும் கூடாது). ஆனால் கண்ணாடி நடைபாலம் இருக்கும் கிராண்ட் கேன்யன் வெஸ்ட் ஹுவாலபாய் நிலம். நீலப் பச்சை அருவிகள் இருப்பது ஹவசுபாய் நிலம். ஹவசுபாய் மக்கள் ஆயுதம், மது, ட்ரோன் எதையும் உள்ளே விடுவதில்லை. எட்டு மைல் இறங்கி நடக்க வேண்டும் என்பதால் துப்பாக்கியை மேலே ஹில்டாப்பில் காருக்குள் பூட்டிவிட்டுப் போகலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த வாகன நிறுத்துமிடமும், அங்கே கொண்டு சேர்க்கும் சாலையின் பெரும்பகுதியும் பழங்குடி நிலம்தான். அந்தப் பயணத்துக்குத் துப்பாக்கி வீட்டுப் பெட்டகத்திலேயே இருக்கட்டும். கேன்யன் டி ஷேயும் இதே வகைச் சிக்கல்: பலகையில் தேசியப் பூங்காத் துறையின் பெயர் இருக்கும், நிலம் நவாஹோ மக்களுடையது.

பார்க்கர் நகரப் பக்கம் போகிறவர்களுக்கு வேறொரு பாடம். கொலராடோ ரிவர் பழங்குடிகளின் ரிசர்வேஷன் ஆற்றின் இரு கரையிலும், அரிசோனாவிலும் கலிஃபோர்னியாவிலும், கிடக்கிறது. 1953-இல் காங்கிரஸ் இயற்றிய பொதுச்சட்டம் 280-இன்படி கலிஃபோர்னியாவின் குற்றவியல் சட்டம் ரிசர்வேஷனுக்குள்ளும் செல்லும். கலிஃபோர்னியா வேறெந்த மாநிலத்தின் உரிமத்தையும் ஏற்பதில்லை. பாலத்தைக் கடந்தபின் தோட்டா நிரப்பிய துப்பாக்கி பழங்குடிச் சட்டத்தையும் மாநிலச் சட்டத்தையும் ஒருசேர மோதும்.

இனி, பிடிபட்டால் என்ன ஆகும் என்பது. வகுப்புகளில் சொல்லப்படும் தவறான செய்திகளில் மிக ஆபத்தானது இந்த இடத்தில்தான் இருக்கிறது: “பழங்குடிப் போலீஸ் உன்னைத் தொட முடியாது.” பாதி உண்மை இதன் வேர். 1978-இல் ஒலிஃபன்ட் எதிர் சுக்வாமிஷ் வழக்கில், பழங்குடியினர் அல்லாதவரைப் பழங்குடி நீதிமன்றம் குற்றவியல் வழக்கில் விசாரிக்க முடியாது என்று தீர்ப்பானது. (குடும்ப வன்முறை போன்ற சில குற்றங்களுக்கு 2013-லும் 2022-லும் காங்கிரஸ் இதைத் தளர்த்தியிருக்கிறது. இன்னொரு பழங்குடியின் உறுப்பினராக இருப்பவருக்கு ஒலிஃபன்ட் பொருந்தவே பொருந்தாது.) விசாரிக்க முடியாது என்பது நிறுத்த முடியாது என்று ஆகிவிடாது.

2021 ஜூன் 1-ஆம் தேதி தீர்ப்பு வந்த ‘அமெரிக்கா எதிர் கூலி (Cooley)’ வழக்கை மாணவர்களுக்கு விவரமாகச் சொல்லுங்கள், ஏனென்றால் அது நெடுஞ்சாலையில் நடந்தது. 2016 பிப்ரவரியில், நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில், மான்டானாவில் க்ரோ ரிசர்வேஷனைக் கடக்கும் 212-ஆம் நெடுஞ்சாலை ஓரம் ஒரு பிக்கப் டிரக் நின்றிருந்தது. உதவி வேண்டுமா என்று கேட்கப் போன க்ரோ போலீஸ் அதிகாரி முன் இருக்கையில் இரண்டு ரைஃபிள்களைப் பார்த்தார். ஓட்டியவர் பழங்குடி அல்லர். சோதனையில் போதைப்பொருளும் கிடைத்தது. ரிசர்வேஷன் வழியே போகும் பொதுச்சாலையிலும் பழங்குடிப் போலீஸ் அதிகாரி, மாநில அல்லது கூட்டரசுச் சட்டம் மீறப்பட்டிருக்கலாம் என்று சந்தேகம் எழுந்தால், வெளியாளைத் தற்காலிகமாக நிறுத்திச் சோதிக்கலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் எல்லா நீதிபதிகளும் ஒருமித்துச் சொன்னார்கள். அதன்பின் ஷெரீஃபிடமோ கூட்டரசு அதிகாரியிடமோ ஒப்படைப்பார்கள். பல பழங்குடி அதிகாரிகளுக்கு மாநிலச் சான்றிதழோ கூட்டரசின் பழங்குடி விவகார அலுவலகமான பி.ஐ.ஏ. தரும் கூட்டரசு ஆணையோ தனியாக உண்டு. அப்படியானால் அவரே மாநில அதிகாரியாகவோ கூட்டரசு அதிகாரியாகவோ இருப்பார்.

சிறை இல்லை என்றால் வேறென்ன என்று கேட்பவருக்கு: துப்பாக்கியைக் கைப்பற்றுவது, சிவில் அபராதம், நிலத்துக்குள் இனி வரக்கூடாது என்ற வெளியேற்ற ஆணை. இந்த வெளியேற்றும் அதிகாரம் பழையது. 1868-இல் நவாஹோ மக்கள் அமெரிக்காவோடு செய்த உடன்படிக்கையிலேயே, அனுமதி பெற்றவர் தவிர வேறு யாரும் அவர்கள் நிலத்தைக் கடக்கக் கூடாது என்று எழுதியிருக்கிறது. நான்காண்டு காலம் போஸ்க் ரெடோண்டோவில் அடைபட்டுக் கிடந்த மக்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பும்போது வாங்கிக்கொண்ட வாக்குறுதி அது. இந்தப் பின்னணியை இரண்டு நிமிடம் சொன்னாலும், எல்லைப் பலகையை மாணவர் மதிக்கத் தொடங்குவார்.

இப்போது கைவேலை. பூட்டி எடுத்துப் போகும் முறைக்கு நாங்கள் அளவுகோலாக வைப்பது 1986-ஆம் ஆண்டுக் கூட்டரசுச் சட்டத்தை: தோட்டா இல்லாத துப்பாக்கி, துப்பாக்கியும் தோட்டாவும் பயணிகள் கைக்கு எட்டாத இடத்தில், தனி டிக்கி இல்லாத வண்டி என்றால் பூட்டிய பெட்டியில். க்ளவ் பாக்ஸும் இருக்கைகளுக்கு நடுவில் இருக்கும் கன்சோலும், பூட்டே இருந்தாலும், பெட்டியாகாது. எஸ்யூவியிலும் மினிவேனிலும் பின்னால் இருப்பது தனி டிக்கி ஆகாது என்பதை அழுத்திச் சொல்லுங்கள். குடும்பமாகப் போகிறவர்கள் ஓட்டுவது பெரும்பாலும் அவற்றைத்தான். கூடவே இதையும் சொல்லுங்கள்: அந்தச் சட்டம் “மாநிலம் அல்லது அதன் உட்பிரிவு” விதிக்கும் தடையை மீறித்தான் பாதுகாப்பு தருகிறது. பழங்குடி அரசு இரண்டும் அல்ல. ஆகவே அதைக் கேடயமாக நம்ப முடியாது. நல்ல நம்பிக்கையோடு நடந்துகொண்டார் என்று காட்ட உதவும் முறையாக மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டாவை எடுப்பதில் வரிசை முக்கியம். முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கிய கூடு) வெளியே எடு. பிறகு ஸ்லைடை (துப்பாக்கியின் நகரும் மேல்பகுதி) முழுதாகப் பின்னுக்கு இழு. சேம்பரில் (சுடுவதற்குத் தோட்டா ஏறி உட்காரும் அறை) இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடைப் பின்னாலேயே பூட்டி நிறுத்திக் கண்ணால் பார், சுண்டுவிரலால் தொட்டுப் பார். வரிசை மாறி, ஸ்லைடை முதலில் இழுத்தால் சேம்பரில் இருந்தது வெளியே போய், மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். அதற்கப்புறம் மேகசினை எடுத்துவிட்டுக் காலி என்று நம்புகிறவர் கையில் இருப்பது தோட்டா ஏறிய துப்பாக்கி. ரிவால்வர் என்றால் சிலிண்டரைத் திறந்து எல்லா அறையையும் காலி செய்ய வேண்டும். நிரப்பிய மேகசினைத் துப்பாக்கியோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். தோட்டா வேறு பெட்டியில், வேறு பூட்டில். துப்பாக்கிப் பெட்டி சாமான்களுக்கு அடியில், ஓட்டுநரிடமிருந்து மிகத் தள்ளி. சாவி முன்பக்கம்.

இதை எங்கே செய்வது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். எல்லைக்கு முந்தைய பெட்ரோல் பங்கில், காருக்குள் குனிந்து உட்கார்ந்து செய்வது மிக மோசமான இடம். துப்பாக்கி வாய் தொடையையோ பக்கத்து இருக்கையையோ பார்க்கும், வெளியிலிருந்து பார்க்கிறவர் போலீஸைக் கூப்பிடுவார். காலையில் வீட்டிலோ விடுதி அறையிலோ, பாதுகாப்பான திசை பார்த்து ஒருமுறை செய்துவிட்டு நாள் முழுக்கப் பெட்டியைத் திறக்காமல் இருப்பதுதான் சரி. ஒரு நாளில் நான்கு எல்லை தாண்டுகிறோம் என்று நான்கு முறை நிரப்பி இறக்குகிறவர்களுக்கு இன்னொரு கேடும் உண்டு. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப சேம்பரில் ஏற்றினால் அதன் ஈய முனை, முகப்புச் சரிவில் மோதி மோதி, பித்தளைக் கூட்டுக்குள் மெல்ல அமுங்கும். கூட்டுக்குள் இடம் குறைந்தால் சுடும்போது அழுத்தம் ஆபத்தான அளவுக்கு ஏறும். புதுத் தோட்டாவின் பக்கத்தில் அதை நிற்க வைத்துப் பார்த்தால் உயர வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். அதை வகுப்பில் மேசை மேல் வைத்துக் காட்டுங்கள்.

பூட்டிய பெட்டிக்கு இன்னொரு பலனும் இருக்கிறது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடை செய்கிறது. அந்தப் பள்ளி இருக்கிற மாநிலமே தந்த உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. வெளிமாநில உரிமத்துக்கும், அரிசோனாவில் 2010 முதல் உரிமமே இல்லாமல் ஏந்துகிறவர்களுக்கும் இந்த விலக்கு இல்லை. தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் இருந்தால் யாருக்கும் பிரச்சினை இல்லை. ரிசர்வேஷன் ஊர்களில் பள்ளிகள் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரத்திலேயே இருக்கின்றன.

வண்டியை நிறுத்தினால்: இன்ஜினை அணை, இரவென்றால் உள்விளக்கைப் போடு, இரண்டு கையும் ஸ்டீயரிங் மேல். அதிகாரி கேட்டால் உண்மையைச் சொல். “உரிமம் இருக்கிறது. துப்பாக்கி பின்னால் பூட்டிய பெட்டியில், தோட்டா இல்லாமல் இருக்கிறது. எப்படி நடந்துகொள்ள வேண்டும், சொல்லுங்கள்.” பெட்டியை எடுத்துக் காட்டக் கை நீளவே கூடாது. சட்ட வாதம் சாலையோரத்தில் வேண்டாம். கைப்பற்றினால் ரசீது கேளுங்கள்: துப்பாக்கியின் வரிசை எண், அதிகாரியின் பெயரும் பேட்ஜ் எண்ணும், எந்தத் துறை என்பது, வழக்கு எண். நவாஹோ போலீஸா, பி.ஐ.ஏ.வா, கவுன்ட்டி ஷெரீஃபா என்று தெரியாமல் திரும்பினால், பிறகு எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்றே தெரியாமல் போய்விடும்.

உங்கள் வகுப்புக்கு இப்போது இந்தியாவிலிருந்து குடிவந்தவர்கள் பலர் வருகிறார்கள், தமிழர்களும் அவர்களில் உண்டு. அவர்களுக்காக ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்ல வேண்டும். எச்-1பி, எச்-4, எஃப்-1, பி-2 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, கூட்டரசுக் குற்றம். 2022 முதல் உச்ச தண்டனை 15 ஆண்டு. கிரீன் கார்டு வந்தபின் இந்தத் தடை இல்லை. ஆனால் கிரீன் கார்டுகாரர் தன் அப்பா அம்மாவை ஊரிலிருந்து பி-2 விசாவில் வரவழைத்து, கிராண்ட் கேன்யன் காட்ட அழைத்துப் போகிறார் என்று வையுங்கள். பாதி வழியில் காபி வாங்க இறங்குகிறார். கன்சோலில் துப்பாக்கி, பக்கத்து இருக்கையில் அப்பா. கைக்கெட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பது அப்பாவுக்குத் தெரியும் என்றால், அது அவர் வசத்தில் இருந்ததாக வாதிட ஓர் அரசு வழக்கறிஞருக்கு அதிக நேரம் ஆகாது. பூட்டிய பெட்டியும், மகன் பையிலேயே இருக்கும் சாவியும் இந்தக் கேள்வியே எழாமல் செய்துவிடும்.

ஒரு பழங்குடி அரசின் விதியைத் தெரிந்துகொள்வது எப்படி என்பதையும் சொல்லிக் கொடுங்கள். முதலில் அந்த அரசின் சட்டத் தொகுப்பு. பல அரசுகள் இணையத்தில் வைத்திருக்கின்றன. பிறகு அவர்களின் போலீஸ் துறைக்கோ சட்ட அலுவலகத்துக்கோ மின்னஞ்சல். தொலைபேசியில் கிடைத்த “பரவாயில்லை, வாங்க” என்பது சாலையோரத்தில் எதற்கும் உதவாது. கேட்க வேண்டியவை: உறுப்பினர் அல்லாதவர் துப்பாக்கி கொண்டு வரலாமா? மாநில உரிமத்தை ஏற்கிறீர்களா, சொந்த அனுமதி உண்டா? கடந்து போவதற்கும் தங்குவதற்கும் விதி வேறா? விடுதி, முகாம், கேசினோ வாகன நிறுத்துமிடத்தில் பூட்டிய காருக்குள் வைக்கலாமா? தோட்டாவுக்குத் தனி விதி உண்டா? பதில் எழுத்தில் வந்தால் அதை அச்சடித்துத் துப்பாக்கிப் பெட்டியில் அல்ல, வண்டிக் காகிதங்களோடு வைக்க வேண்டும். பதில் வரவில்லை என்றால் அனுமதி இல்லை என்றே கொள்ள வேண்டும்.

உங்கள் வரைபடத்தில் ரிசர்வேஷன் நிலங்களை வேறு நிறத்தில் தீட்டுங்கள். அடுத்த வகுப்பிலேயே அதைத் திரையில் போடலாம்.

இப்படிக்கு,
தென்மேற்கில் வாழும், இந்தச் சட்டங்களைத் தொடர்ந்து படித்துவரும் சில தமிழர்கள்